கருப்புத் திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்!

67.2 நானோ விநாடி.

தம்பி, இந்த எண்ணை உன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள். தங்கச்சி, நீயும் எழுதிக்கொள். ஒரு விநாடியை நூறு கோடித் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டுக்கு நானோ விநாடி என்று பெயர். விநாடிக்கு 10 ஜிகாபிட் ஓடும் நெட்வொர்க் கம்பியில் 64 பைட் அளவுள்ள மிகச் சிறிய தகவல் பாக்கெட்டுகள் இடைவிடாமல் வந்தால், ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் அவகாசம் 67.2 துண்டுதான். விநாடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட்! 3 ஜிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பிராசஸர் கோர் அந்த அவகாசத்தில் ஏறக்குறைய 200 முறைதான் துடிக்கும். அந்த 200 துடிப்புக்குள் பாக்கெட்டை வாங்க வேண்டும், முகவரியைப் படிக்க வேண்டும், எந்த வழியில் அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும், அனுப்பியும் விட வேண்டும்.

இதைச் செய்யும் மென்பொருளை எழுதியவர்கள் மனிதர்கள். அதை ஒரு மெஷினில் ஏற்றி ஓட வைப்பவர்களும் மனிதர்கள்தான். அவர்களில் ஒருவராக நீ ஏன் இருக்கக் கூடாது?

"இதெல்லாம் நமக்கு வருமா சார்?"

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். லினக்ஸின் கருப்புத் திரையைத் திறந்ததும் முகம் வாடிவிடும். கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். கை கீபோர்டுக்கு மேலேயே நின்றுவிடும். முதல் பிழைச்செய்தி வந்ததும் ஜன்னலை மூடிவிட்டு, "நான் அந்த அளவுக்கு இல்லை" என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்வார்கள். வாதாடாமலே தோற்ற வழக்கு அது.

அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போடத்தான் இதை எழுதுகிறேன். தன்னம்பிக்கை வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதே. நம்பிக்கை கையில்தான் முளைக்கிறது. ஒரு மெஷினை அடியிலிருந்து நீயே தயார் செய்து பார். அது எழுந்து நிற்கும்போது நீயும் எழுந்து நிற்பாய்.

வேகம் எங்கிருந்து வந்தது?

வேகமான மென்பொருளுக்கு விலை உயர்ந்த மெஷின் வேண்டும் என்று நினைக்கிறாயா? 2012-ஆம் ஆண்டுக்குப் போவோம்.

இத்தாலியில் பீசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஜி ரிட்சோ, பாக்கெட்டுகளை வேகமாகக் கையாளும் நெட்மேப் என்ற தன் மென்பொருளை யூசெனிக்ஸ் என்ற கணினி மாநாட்டில் முன்வைத்தார். 900 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய ஒரே ஒரு கோர், விநாடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட்டுகளை அனுப்பியது, வாங்கியும் காட்டியது. கவனித்தாயா? 900 மெகாஹெர்ட்ஸ்! இன்று உன் பையில் இருக்கும் செல்போனின் கோர் இதைவிட வேகமானது.

எப்படி முடிந்தது? ரிட்சோ மூன்று வீண் செலவுகளைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் புதிதாக மெமரி ஒதுக்குவது ஒன்று. அதை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தார். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கதவைத் தட்டுவது இரண்டாவது. பாக்கெட்டுகளைக் கூட்டமாகச் சேர்த்து ஒரே தட்டில் முடித்தார். கெர்னலிலிருந்து புரோகிராமுக்குத் தகவலைப் பிரதி எடுப்பது மூன்றாவது; இருவரும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி செய்து, பிரதி எடுக்கும் வேலையையே ஒழித்தார். வேறு மந்திரம் எதுவும் இல்லை. எந்த வேலை தேவையில்லை என்று துணிந்து கேட்டார். கிடைத்த பதிலை நிறைவேற்றினார்.

அதே காலத்தில், பாக்கெட்டுகளை வேகமாகக் கையாள இன்டெல் நிறுவனத்துக்குள் இன்னொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. அதன் பெயர் டிபிடிகே. 'டேட்டா பிளேன் டெவலப்மென்ட் கிட்' என்பதன் சுருக்கம். 2010-இல் வெளிவந்த இதன் தந்தை என்று துறையினர் கொண்டாடுவது வெங்கி வெங்கடேசன் என்ற பொறியாளரை. 2018-இல் அவர் மறைந்துவிட்டார். அவர் விதைத்தது நிற்கவில்லை. 2013-இல் அது திறந்த மூலத் திட்டமாக எல்லோருக்கும் பொதுவானது; 2017-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடைக்குள் வந்தது. இன்று நூற்றுக்கணக்கானவர்கள் அதற்கு எழுதுகிறார்கள்.

அதன் ஒவ்வொரு வரியும் உனக்குத் திறந்திருக்கிறது. பிஎஸ்டி உரிமத்தில் இருக்கும் அந்தக் குறியீட்டைப் பதிவிறக்க நீ எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று எவரும் கேட்பதில்லை. மதிப்பெண் கேட்பதில்லை. கட்டணம் கேட்பதில்லை. கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே நுழையாமல் வாசலில் நின்றுகொண்டு "எனக்கு இடமில்லை" என்று சொல்வது நியாயமா?

முதலில் உன் மெஷினைத் தெரிந்துகொள்

அந்த டிபிடிகேயை உன் மெஷினில் ஓட வைப்போம். கிணறு வெட்டுகிறவர் முதலில் மண்ணைப் பார்ப்பார். நீ முதலில் மெஷினைப் பார். லினக்ஸில் 'எல்எஸ்சிபியு' என்ற கட்டளை, எத்தனை கோர், எத்தனை சாக்கெட், எந்தக் கோர் எந்த மெமரிக்குப் பக்கத்தில் என்று சொல்லிவிடும். 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளை எந்த நெட்வொர்க் கார்டு எந்த முகவரியில் செருகியிருக்கிறது என்று காட்டும். 'யூநேம்' என்பதோடு '-ஆர்' சேர்த்துக் கேட்டால் கெர்னலின் பதிப்பு வரும். மூன்று கட்டளை, மூன்று நிமிடம். இதைச் செய்யாமல் யாரோ எழுதிய வரிகளை அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறவன், இன்னொருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கப் பார்க்கிறான்.

பிறகு மெஷினை மறுதொடக்கம் செய்து பயாஸுக்குள் போ. இன்டெல் மெஷினில் 'விடி-டி' என்ற வசதி இயங்குகிறதா என்று பார். ஏஎம்டி மெஷின் என்றால் 'ஐஓஎம்எம்யு' என்ற பெயரில் தேடு. அதன் அருமை சற்று நேரத்தில் புரியும்.

"என்னிடம் 10 ஜிகாபிட் கார்டு இல்லையே!" என்கிறாயா? அந்தச் சாக்கையும் பிடுங்கிவிடுகிறேன். டிபிடிகேவுக்குள் மென்பொருளாலேயே ஆன கார்டுகள் இருக்கின்றன. பாக்கெட்டுகளைக் கற்பனையாகத் தரும் 'நல்' டிரைவர், பதிவு செய்த கோப்பிலிருந்து பாக்கெட்டுகளை எடுத்துத் தரும் 'பிகேப்' டிரைவர், கெர்னலோடு பேசும் 'டேப்' டிரைவர் எல்லாம் உண்டு. ஒரு விர்ச்சுவல் மெஷினில் 'விர்ட்ஐஓ' கார்டை வைத்தும் பழகலாம். அண்ணன் விட்டுப்போன பழைய லேப்டாப் போதும். அதில் 1 கோடி பாக்கெட் ஓடாது, உண்மை. ஆனால் 1 கோடி பாக்கெட் ஓடும் மெஷினில் செய்ய வேண்டிய ஒவ்வொரு அடியையும் அதிலேயே கற்றுக்கொள்ளலாம். கார் ஓட்டப் பழகுகிறவர் பந்தய மைதானத்திலா பழகுகிறார்?

பிழைச்செய்தி உன்னைத் திட்டவில்லை

இனி டிபிடிகேயைக் கட்டும் கருவிகள். சி மொழி கம்பைலர் வேண்டும். ஜிசிசி அல்லது கிளாங். பைத்தான் 3 வேண்டும். 'மேசான்', 'நிஞ்சா' என்ற இரண்டு கட்டுமானக் கருவிகள் வேண்டும். மேசான் திட்டம் போடும் மேஸ்திரி. நிஞ்சா கல் அடுக்கும் கொத்தனார். 'பைஎல்ஃப்டூல்ஸ்' என்ற பைத்தான் தொகுப்பும், மெமரியை இடம் பார்த்து ஒதுக்க உதவும் 'நூமா' லைப்ரரியின் ஹெடர் கோப்புகளும் வேண்டும். உபுண்டு, டெபியன் என்றால் 'ஆப்ட்', ஃபெடோரா என்றால் 'டிஎன்எஃப்', ஃப்ரீபிஎஸ்டி என்றால் 'பிகேஜி'. ஒரே வரியில் வந்து இறங்கிவிடும்.

பதிவிறக்கிய டிபிடிகே குறியீட்டை விரித்து அந்த அடைவுக்குள் நின்று 'மேசான் செட்டப் பில்ட்' என்று அடி. பிறகு 'பில்ட்' அடைவுக்குள் போய் 'நிஞ்சா' என்று அடி. கட்டுவதற்கு அவ்வளவுதான் கட்டளை. ஆனால் முதல் முறையே ஓடிவிடும் என்று உனக்கு நான் பொய்ச் சத்தியம் செய்யமாட்டேன். எங்கெங்கே தடுக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறேன்.

முதல் தடுக்கல்: லைப்ரரி இருக்கும், ஹெடர் இருக்காது. "இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது?" என்று தலையைப் பிய்த்துக்கொள்வாய். ஓட்டுவதற்கு லைப்ரரி போதும். கட்டுவதற்கு ஹெடரும் வேண்டும். டெபியன் குடும்பத்தில் பெயரின் கடைசியில் 'டெவ்' என்றும், ரெட் ஹேட் குடும்பத்தில் 'டெவெல்' என்றும் முடியும் தனித் தொகுப்பில் அது இருக்கிறது.

இரண்டாவது தடுக்கல்: கட்டி முடித்து, நிறுவியும் முடித்திருப்பாய். புரோகிராமை ஓட்டினால் "ஷேர்டு ஆப்ஜெக்ட் கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று நிற்கும். புதிதாகக் குடிவந்தவரின் விலாசம் தபால்காரருக்குத் தெரியாததுபோல, புதிய லைப்ரரியின் இடம் மெஷினுக்கு இன்னும் தெரியவில்லை. ரூட் உரிமையோடு 'எல்டிகான்ஃபிக்' என்று ஒருமுறை அடி. விலாசம் பதிவாகிவிடும்.

மூன்றாவது தடுக்கல்: ஃப்ரீபிஎஸ்டியில் 'மேக்' என்று அடித்தால் வருவது பிஎஸ்டியின் சொந்த மேக். டிபிடிகேயின் மாதிரிப் புரோகிராம்களைக் கட்ட குனு மேக் வேண்டும். அங்கே அதன் பெயர் 'ஜிமேக்'. ஒரு எழுத்து வித்தியாசம். அந்த ஒரு எழுத்துக்காகத் தோற்றுப்போனதாக நினைத்து எத்தனை பேர் எழுந்து போயிருப்பார்கள்!

கம்பைலர் நூறு வரி பிழை கக்கினால் கடைசி வரியைப் பார்த்துக் கலங்காதே. மேலே ஏறி முதல் பிழையைப் படி. பெரும்பாலும் அது ஒன்றுதான் உண்மையான பிழை. மற்றவை அதன் வால். மேசான் இன்னும் கனிவானது. எந்த டிரைவரைக் கட்டவில்லை, எது இல்லாததால் கட்டவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு பட்டியல் போட்டுத் தரும். அந்தப் பட்டியல் நீளமாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. உன் கார்டுக்கு வேண்டிய டிரைவர் அந்தக் கட்டாதவை பட்டியலில் இல்லாவிட்டால் உனக்குக் கவலை இல்லை.

மனிதர்கள் உன்னிடம் "நீ சரிப்பட்டு வரமாட்டாய்" என்று மொட்டையாகச் சொல்வார்கள், காரணம் சொல்லமாட்டார்கள். மெஷின் ஒருபோதும் அப்படிச் சொல்லாது. "இந்தக் கோப்பில், இந்த வரியில், இது இல்லை" என்று இடம் சுட்டிச் சொல்லும். இவ்வளவு நேர்மையான ஆசிரியர் வேறு எங்கே கிடைப்பார்? ஆங்கிலம் தடுமாறுகிறதா? அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சொல், ஒரு சொல்லாகப் படி. பிழைச்செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் அதிகம் இல்லை. ஒரு மாதத்தில் அவை உன் வீட்டுச் சொற்கள் ஆகிவிடும்.

இடத்தை முன்பே பிடித்துவை

இப்போது மெமரி. சாதாரண இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் மெமரி 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிந்திருக்கும். 1 ஜிகாபைட் மெமரிக்கு 2,62,144 பக்கங்கள். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று பிராசஸர் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அண்மையில் தேடியவற்றை நினைவில் வைக்க 'டிஎல்பி' என்ற சின்னக் குறிப்பேடு உண்டு. அதில் இவ்வளவு பக்கங்களுக்கு ஏது இடம்? குறிப்பேட்டில் இல்லாதபோதெல்லாம் மெமரியில் போய்த் தேட வேண்டும். மெயின் மெமரிக்கு ஒருமுறை போய்வந்தாலே உன் 67.2 நானோ விநாடி ஏறக்குறையத் தீர்ந்துவிடும்.

இதற்கு மருந்து ஹியூஜ் பேஜ். 4 கிலோபைட்டுக்குப் பதிலாக 2 மெகாபைட் பக்கம். அதே 1 ஜிகாபைட்டுக்கு இப்போது 512 பக்கம் போதும். 1 ஜிகாபைட் பக்கமும் உண்டு. அப்போது ஒரே ஒரு பக்கம்! 2 மெகாபைட் பக்கங்கள் 1024 கேட்டு வாங்கினால் 2 ஜிகாபைட் உன் கையில்.

எப்போது கேட்பது என்பதில்தான் சூட்சுமம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸை நினைத்துப் பார். டெப்போவிலிருந்து காலியாக வரும்போதே ஏறினால் குடும்பம் முழுவதும் ஒரே வரிசையில் உட்காரலாம். பாதி வழியில் ஏறினால்? இடம் இருக்கலாம், ஆனால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. மெமரியும் அப்படித்தான். மெஷின் ஓட ஓட அது துண்டு துண்டாகச் சிதறும். தொடர்ச்சியான பெரிய இடம் கிடைக்காது. அதனால்தான் 1 ஜிகாபைட் பக்கங்களை பூட் ஆகும்போதே கெர்னலின் தொடக்க வரியில் எழுதி வாங்கிவிடச் சொல்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் 'கான்டிக்மெம்' என்ற மாட்யூல் இந்த வேலையைச் செய்கிறது; அதையும் பூட் ஆகும்போதே ஏற்றும்படி 'லோடர் கான்ஃப்' கோப்பில் எழுதிவிடுவது நல்லது.

உன் நாளும் அந்த பஸ்தான். விடிந்ததும் அது காலியாக நிற்கிறது. எட்டு மணிக்குள் போன், ஒன்பது மணிக்குள் வேலை, பத்து மணிக்குள் பேச்சு என்று துண்டாகிவிடும். இரவில் "படிக்க நேரமே இல்லை" என்று புலம்புவாய். நேரம் இருந்தது, தம்பி, தொடர்ச்சியாக இல்லை. பத்துப் பத்து நிமிடங்களாக ஆறு துண்டு சேர்ந்தாலும் அது ஒரு மணி நேரம் ஆகாது. விடியலில் ஒரு மணி நேரத்தை யாருக்கும் தராமல் உன் பெயருக்கு எழுதி வாங்கு.

பூட்டை உடைக்காதே, சாவியைத் தேடு

அடுத்து நெட்வொர்க் கார்டைக் கெர்னலின் கையிலிருந்து வாங்கி உன் புரோகிராமின் கையில் தர வேண்டும். லினக்ஸில் இதற்கு 'விஎஃப்ஐஓ' என்ற வாயில் இருக்கிறது. பயாஸில் பார்க்கச் சொன்ன ஐஓஎம்எம்யு இங்கேதான் காவலுக்கு வருகிறது. கார்டு மெமரிக்குள் நேரடியாக எழுதக் கூடியது. அது எங்கே எழுதலாம், எங்கே எழுதக் கூடாது என்று வேலி போடுவது ஐஓஎம்எம்யு. வேலி இல்லாமலும் ஓட்ட வழி உண்டு; அதற்குக் கெர்னலே 'பாதுகாப்பற்றது' என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. வேலியோடு பழகு. ஃப்ரீபிஎஸ்டியில் இந்த வாயிலின் பெயர் 'நிக் யூஐஓ'.

என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. வேறு ஊரில் இருந்த ஒரு சர்வரில், இரவு பதினொரு மணிக்கு, தொலைவிலிருந்து உள்ளே நுழைந்து வேலை செய்துகொண்டிருந்தேன். 'டெவ்பைண்ட்' என்ற கருவியால் கார்டை மாற்றச் சொன்னேன். "இந்த இன்டர்ஃபேஸ் பயன்பாட்டில் இருப்பதாக ரூட்டிங் டேபிள் சொல்கிறது, மாற்றவில்லை" என்று எச்சரித்தது. காலைக்குள் முடித்துக்காட்ட வேண்டும் என்ற வெறி எனக்கு. 'ஃபோர்ஸ்' என்று சேர்த்து மீண்டும் அடித்தேன். திரை உறைந்தது. நான் உள்ளே நுழைந்திருந்த வழியே அந்தக் கார்டுதான்.

இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் அந்த ஊரில் இருந்தவர் மெஷினை அணைத்துப் போட்டார். அந்த மாற்றம் மறுதொடக்கத்தைத் தாண்டி நிற்காது என்பதால் கார்டு கெர்னலிடமே திரும்பியது, சர்வர் உயிர்பெற்றது. "இது உனக்கு ஒத்துவராது" என்று என் மனமே என்னிடம் சொன்னது. அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

கேட்கவில்லை. ஒரு தாள் எடுத்தேன். எந்தக் கார்டு எந்த முகவரியில் இருக்கிறது, எது உள்ளே நுழையும் வழி, எதை ஒருபோதும் தொடக் கூடாது என்று எழுதினேன். அன்று முதல் எந்த மெஷினைத் தொட்டாலும் அந்தத் தாள் முதலில். துணிச்சல் என்றால் எச்சரிக்கையை மிதித்துக்கொண்டு போவது என்று அதுவரை எண்ணியிருந்தேன். எச்சரிக்கையைப் படித்து, காரணத்தைக் கண்டுபிடித்து, பிறகு கை வைப்பவனுக்குத்தான் நடுக்கம் இருக்காது என்று அந்த இரவு கற்றுக்கொடுத்தது. உனக்கும் அப்படி ஓர் இரவு வரும். வரட்டும்! விடிந்ததும் ஒரு தாள் எடு.

ஒரு கோரை ஒரே வேலைக்கு விடு

சாதாரணமாகப் பாக்கெட் வந்ததும் கார்டு பிராசஸரைக் கூப்பிடும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். பிராசஸர் செய்துகொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடி வர வேண்டும். விநாடிக்குச் சில ஆயிரம் பாக்கெட் என்றால் பரவாயில்லை. ஒன்றரைக் கோடி முறை கூப்பிட்டால்? ஓடி வருவதிலேயே ஆயுள் போய்விடும்.

டிபிடிகே இதைத் தலைகீழாக மாற்றியது. கோர், கார்டின் வாசலிலேயே நின்றுகொண்டு "வந்ததா, வந்ததா" என்று பார்த்துக்கொண்டே இருக்கும். இதற்கு 'போல் மோட்' என்று பெயர். வந்ததை ஒவ்வொன்றாக எடுக்காமல் 32, 64 என்று கூட்டமாக அள்ளும். பாக்கெட் வராத நேரத்திலும் அந்தக் கோர் 100 சதவீதம் உழைப்பதாகவே திரையில் தெரியும். அது பழுதில்லை, அதன் இயல்பு. இதற்கு மின்சாரம் செலவாகும், ஒரு கோர் முழுவதும் செலவாகும். அதனால் உண்மையிலேயே வேகம் வேண்டிய இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

அந்தக் கோரைக் காப்பது உன் கடமை. 'ஐசோல்சிபியூஸ்' என்று கெர்னலின் தொடக்க வரியில் எழுதினால், கெர்னல் தானாக வேறு வேலைகளை அந்தக் கோரில் கொண்டுவந்து போடாது. இரண்டு சாக்கெட் உள்ள சர்வர் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கார்டு எந்தச் சாக்கெட்டோடு இணைந்திருக்கிறதோ, அதே பக்கத்துக் கோர், அதே பக்கத்து மெமரி. ஒரு பக்கத்துப் பாக்கெட்டை மறுபக்கத்து மெமரியில் வைத்தால், ஒவ்வொரு முறையும் பாலம் தாண்டிப் போய் வர வேண்டும்.

நீ கற்கும் நேரத்துக்கும் இதே விதிதான். மேசை மீது போன் இருந்தால் அது உன்னை நிமிடத்துக்கு ஒருமுறை இன்டரப்ட் செய்யும். அடுத்த அறையில் வை. நாள் முழுவதும் இப்படி இருக்க வேண்டாம். எந்த மனிதனும் 100 சதவீதத்தில் ஓடிக்கொண்டே இருக்க முடியாது. விடியலில் எழுதி வாங்கிய அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் வாசலை விட்டு நகராதே.

தவறவிட்டதை எண்ணு

எல்லாம் தயார். முதலில் 'ஹலோ வேர்ல்டு' என்ற மாதிரிப் புரோகிராமை ஓட்டு. ஒவ்வொரு கோரும் தன் எண்ணைச் சொல்லி வணக்கம் வைக்கும். நான்கு கோர் என்றால் நான்கு வரி. அந்த நான்கு வரியைப் பார்க்கும்போது உன் நெஞ்சில் என்ன நடக்கிறது என்று கவனி. மேசான் முதல் ஹியூஜ் பேஜ் வரை நீ வைத்த ஒவ்வொரு கல்லும் சரியாக உட்கார்ந்திருந்தால்தான் அந்த வரிகள் வரும். யாரும் உனக்குச் சான்றிதழ் தர வேண்டியதில்லை. திரையே தந்துவிட்டது.

பிறகு 'டெஸ்ட்பிஎம்டி'. ஒரு போர்ட்டில் வாங்கி மறு போர்ட்டில் அனுப்பும். அதற்குப் பிறகு இரண்டாம் அடுக்கில் அனுப்பும் 'எல்2 ஃபார்வர்டு', மூன்றாம் அடுக்கில் வழி பார்த்து அனுப்பும் 'எல்3 ஃபார்வர்டு'. இவற்றின் குறியீட்டைத் திறந்து படி. ஓரிடத்தில் மாற்று, மீண்டும் கட்டு, மீண்டும் ஓட்டு.

வேகத்தை வாயால் சொல்லாதே, அள. 1999-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2544 என்ற ஆவணம் இதற்கு நேர்மையான அளவுகோலை வைத்தது. ஒரு பாக்கெட்டைக்கூடத் தவறவிடாமல் எவ்வளவு வேகம் வரை தாங்குகிறாயோ, அதுதான் உன் வேகம். எத்தனை அனுப்பினேன் என்று பெருமை பேசுவதற்கு அங்கே இடமில்லை. எத்தனை தவறவிட்டேன் என்ற எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். டெஸ்ட்பிஎம்டியில் போர்ட்டின் புள்ளிவிவரத்தைக் கேட்டால் வந்தவை, தவறவிட்டவை எல்லாம் தனித்தனியாக வரும். தவறவிட்ட எண்ணை முதலில் படிக்கும் பழக்கம் உனக்கு வந்துவிட்டால் எந்த நேர்முகத் தேர்விலும் எவர் முன்னாலும் உன் குரல் தடுமாறாது. தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லும் துணிவு, அளந்து பழகியவனுக்குத்தான் வரும்.

இன்றிரவே!

10 ஜிகாபிட்டில் 67.2 நானோ விநாடி. 100 ஜிகாபிட்டில் 6.72. 400 ஜிகாபிட்டில் 1.68. கம்பி வேகமாகிக்கொண்டே போகிறது. நேற்று முதல் வரிசையில் இருந்தவரும் இன்று புதிதாகப் படித்தாக வேண்டும். எல்லாம் கற்று முடித்து ஓய்ந்தவர் என்று இந்தத் துறையில் ஒருவரும் இல்லை. நீ தாமதமாக வந்துவிட்டதாக எண்ணாதே. எல்லோரும் மாணவர்களாக இருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்ச் என்று ஒன்று ஏது?

ஏழு நாள் கணக்குப் போடு. முதல் நாள் மெஷினை அறிந்துகொள். இரண்டாம் நாள் கருவிகள். மூன்றாம் நாள் மேசான், நிஞ்சா. நான்காம் நாள் ஹியூஜ் பேஜ். ஐந்தாம் நாள் கார்டை மாற்று. கார்டு இல்லையென்றால் 'நல்' டிரைவர். ஆறாம் நாள் ஹலோ வேர்ல்டு. ஏழாம் நாள் செய்ததையெல்லாம் உன் கையால், தமிழில், ஒரு நோட்டில் எழுது. எங்கே தடுக்கியது, எப்படி எழுந்தாய் என்று எழுது. அடுத்து வரும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ அந்த நோட்டைக் கொடு. ஏழு நாளில் முடியவில்லையா? பதினான்கு நாள் எடுத்துக்கொள். நாள் எண்ணிக்கைக்குப் பரிசு இல்லை, முடித்ததற்குத்தான் பரிசு.

நாளை என்று தள்ளாதே. இன்றிரவு படுக்கும் முன் லினக்ஸில் அந்தக் கருப்புத் திரையைத் திற. நிமிர்ந்து உட்கார். 'கெட்கான்ஃப்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடி, ஓர் இடைவெளி விடு, 'பேஜ்சைஸ்' என்று பெரிய எழுத்தில் சேர்த்து அடி, என்டரைத் தட்டு. உன்னுடையது சாதாரண இன்டெல், ஏஎம்டி மெஷின் என்றால் 4096 என்று ஒரு எண் வரும். உன் மெஷினின் ஒரு மெமரிப் பக்கத்தின் அளவு அது. நீ கேட்டாய், அது பதில் சொன்னது.

அந்த எண்ணை 67.2-க்குக் கீழே எழுதிவை. உன் பயணம் தொடங்கிவிட்டது.